ஒரு சாக்குக் கையுறையில் லக்சம்பர்க்

ஏற்றுமதி ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நடைமுறைகளை நான் சொல்லித் தரப்போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேட்டில் பாதியை எழுதியவன் நான். மீதியை, நான் எழுதியதைத் திருத்துகிறோம் என்று கெடுத்தவர்கள் எழுதினார்கள். எந்தப் படிவம் எத்தனை நகல், எதில் யார் கையெழுத்து என்பதையெல்லாம் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சம்பவம் மட்டும் கையேட்டில் கிடைக்காது. அதில் தப்பு செய்தவன் கையேட்டை எழுதியவன் என்பதால் அப்போது அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஓய்வூதியம் யார் தயவும் இல்லாமல் வருகிறது, சொல்லலாம்.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் எங்கள் தொழிற்சாலை அதுவரை தோலைப் பதனிட்டுத் தோலாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்று அரசாங்கம் சொன்ன காலம் அது. நாங்களும் கையுறை தைக்க ஆரம்பித்தோம். சீமாட்டிகள் போடுகிற கையுறை இல்லை. இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்கு முன்னால் நிற்பவர்கள் போடுகிற, முழங்கைவரை வருகிற முரட்டுக் கையுறை. முதல் ஆர்டர் லக்சம்பர்க்கிலிருந்து வந்தது.

லக்சம்பர்க் எங்கே இருக்கிறது என்று தொழிற்சாலையே என்னிடம் வந்து கேட்டது. படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அட்லஸை விரித்துக் காட்டினேன். நாட்டுக்குள் பெயர் எழுத இடம் போதாமல் பக்கத்து நாட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள் நாலு லக்சம்பர்க்கை வைக்கலாம் என்று சொன்னதும், இவ்வளவு சின்ன ஊருக்கா இத்தனை கையுறை என்று எல்லோரும் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு ஜோடியோடும் பராமரிப்புக் குறிப்புச் சீட்டு ஒன்று, ‘பயன்படுத்துவோரின் மொழியில்’ வைக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு உள்ளூர ஒரே குஷி. கல்லூரியில் தமிழ் எடுத்தால் மார்க் வராது என்று பிரெஞ்சு எடுத்தவன் நான். அது கடைசியில் ஒரு காரியத்துக்கு உதவப்போகிறது. இருந்தாலும் நான் ஆதாரம் இல்லாமல் எதையும் செய்வதில்லை. வேலூர் போய் நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். மக்கள்: லக்சம்பர்கர். மொழிகள்: பிரெஞ்சு, ஜெர்மன். இரண்டே வரி. நாடு சின்னது, விவரமும் சின்னது என்று எனக்குத் திருப்தி. பிரெஞ்சில் நானே எழுதினேன். ஜெர்மனுக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரைப் பிடித்தேன். வெந்நீரில் அலசாதீர்கள், நெருப்பருகே காயவைக்காதீர்கள், குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. வாங்குகிறவர்களுக்கு மாதிரி அனுப்பி ஒப்புதலும் வாங்கினேன்.

நாலு மாதம் கழித்து மெட்ராஸ் ஆபீஸிலிருந்து டிரங்க் கால் வந்தது. டெலக்ஸ் வந்திருக்கிறது, கையுறை எல்லாம் சுருங்கிக் கட்டை மாதிரி ஆகிவிட்டதாம், ஒரு ஷிப்டின் கையுறைகள் மொத்தத்தையும் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், வியாழக்கிழமை அவர்கள் ஆளே நேரில் வருகிறார். அந்தச் சாக்கு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. வந்தது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தோல் பதனிடும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் மேனேஜர் இங்கிலாந்தில் தோல் படிப்பு படித்துவிட்டு வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. எந்தப் பிரச்சினைக்கும் சாப்பாட்டு வேளைக்குள் தீர்வு வேண்டும், அவ்வளவுதான். சாக்கின் மேலே கிடந்த ஒரு கையுறையை எடுத்து மேஜையில் தட்டினார். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தோலுக்கு எண்ணெய் கம்மி, பினிஷிங்கில் எண்ணெயைத் திருடியிருக்கிறார்கள், அந்த மேஸ்திரியை அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார். வெள்ளைக்காரர் வந்து இறங்கும்போது நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று காட்ட மெமோ தயாராக இருக்க வேண்டும். எழுத வேண்டியவன் நான்.

அந்த மேஸ்திரி மஸ்தான் பாய். தோலில் உள்ளங்கையை வைத்தால் எண்ணெய் எவ்வளவு குடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் ஏழு பேர், சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர். அவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். விசாரணை என்பது நடைமுறைப்படி அவசியம் என்பதால்தான் விசாரித்தேன், வேறு பெருந்தன்மை எதுவும் இல்லை. அவர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிப்போனது. ஆனால் குரல் வாடவில்லை.

“எண்ணெ கம்மியா ஜாஸ்தியான்னு என்னை ஏன் சார் கேக்கறீங்க? நான் பொய் சொல்லுவேன். தோலைக் கேளுங்க, அது பொய் சொல்லாது.”

“தோலை எப்படி பாய் கேக்கறது?”

“மேல கெடக்கற ஒண்ணத்தானே பாத்தீங்க? சாக்கைக் கொட்டிப் பாருங்க. எல்லாம் ஒரே தொட்டில எண்ணெ குடிச்ச தோலு. கெட்டா எல்லாமே கெட்டிருக்கணும்.”

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மேனேஜரும் நானும் சேர்ந்து மூன்று பட்டம் வாங்கியவர்கள். சாக்கைக் கொட்டிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முற்றத்தில் கொட்டினோம். உதவிக்கு வந்தவர் எங்கள் டைப்பிஸ்ட் பெரைரா மேடம். மங்களூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருந்து அங்கேயே தங்கிவிட்டவர். மேடம் தினமும் பாசஞ்சரில் வந்து போவார். வண்டி தாமதமானால் ரயில்வே சார்பாக அவரே மன்னிப்புக் கேட்பார். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, கட்டையாக இருப்பதை ஒரு பக்கம், மெத்தென்று இருப்பதை ஒரு பக்கம் என்று பிரித்தோம். பாய் சொன்னது சரி. கெட்டவை நிறைய, ஆனால் நன்றாக இருப்பவையும் ஒரு சிறு குவியல் சேர்ந்தது. ஒரே தோல், ஒரே தையல், ஒரே எண்ணெய்.

அப்புறம்தான் உள்மடிப்பில் மையால் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தோம். ஒருவர் கையுறை இன்னொருவரிடம் போகாமல் இருக்க ஆலைத் தொழிலாளர்கள் எழுதி வைத்த பெயர்கள். மேடம் கட்டைக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். சில்வா, பிந்தோ, சாண்டோஸ், ஃபெர்னாந்தஸ், மறுபடி சில்வா. வாசிக்க வாசிக்கக் கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டார்.

“இன்னா சார் இது, எங்க சர்ச்சு கல்யாண ரெஜிஸ்டர் மாதிரி இருக்குது? எங்க ரயில்வே காலனி மொத்தமும் அங்க போய்ட்டாங்களா?”

“இதெல்லாம் பிரெஞ்சுப் பேர் இல்லையா மேடம்?”

“யாரு சார் சொன்னாங்க? போர்ச்சுகீஸ் பேரு. எங்களுக்கு நானூறு வருஷம் முன்ன வெச்சுட்டுப் போனாங்க, அவங்களும் வெச்சிருக்காங்க. இதோ பாருங்க, பெரைராவே இருக்கான். என்னா கிறுக்கல், எங்க அண்ணன் கையெழுத்தேதான்.”

லிஸ்பனில் குடியேறிய உறவினர் ஒருவர் எழுதிய கடிதங்களை வைத்து மேடம் விளக்கினார். போர்ச்சுகலில் பிழைப்பு இல்லை. நம் பக்கத்து ஆட்கள் சவுதிக்குப் போவதுபோல் அவர்கள் வடக்கே கட்டட வேலைக்கும் இரும்பு வேலைக்கும் போகிறார்கள். போனவர்கள் தம்பியை அழைத்துக்கொள்கிறார்கள், தம்பி மச்சானை. அதற்கு அடுத்ததாக அந்தக் குவியலில் ரொஸ்ஸி, பியாங்கி என்று இத்தாலியப் பெயர்கள் கொஞ்சம். எழுத்துக்கு மேலே கொக்கி போட்டிருந்த ஒரு யூகோஸ்லாவியப் பெயர். நூலகத்துத் தடிப் புத்தகம் சொன்ன லக்சம்பர்கரை அந்தக் குவியலில் தேடினோம். முல்லர் என்று ஒரே ஒருவர் கிடைத்தார்.

மெத்தென்ற குவியலில் ஷ்மித், வேபர், இன்னொரு முல்லர், மற்றும் ஒரு துபுவா இருந்தார்கள்.

நான் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்தவன் கையுறை நன்றாக இருக்கிறது. தெரியாதவன் தன் பழைய துணிக் கையுறையை எப்படிக் கொதிக்கவைத்து உலைக்குப் பக்கத்தில் காயவைத்தானோ அப்படியே இதையும் செய்திருக்கிறான். பெட்டியில் என் சீட்டு இருந்தது. அச்சுப்பிழை இல்லாமல் இருந்தது. கட்டைக் குவியலில் இருந்த ஒற்றை முல்லரைப் பற்றி மேடம் கேட்டார். வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காதவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, நம் மேனேஜர் அறையிலும் உண்டு என்றேன். ஆனால் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலை. பயன்படுத்துவோரின் மொழி என்று ஒப்பந்தம் கேட்டது, நான் நாட்டின் மொழியை வைத்தேன். இது எனக்கும் மேடத்துக்கும் மட்டும் தெரியும். மேனேஜருக்குத் தெரிய வழியில்லை. மெமோவின் வரைவை நான் திங்களன்றே கொடுத்துவிட்டிருந்தேன். பெயர் இடத்தில் புள்ளிகள் வைப்பது என் வழக்கம். டீ வந்தது. குடிக்கவில்லை. வியாழக்கிழமை வருகிறவருக்கு ஒரு தலை வேண்டும். மஸ்தான் பாய்க்கு வேறு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிடாதா, இந்த ஊரில் தொழிற்சாலைக்கா பஞ்சம் என்று என் படித்த மூளை எனக்காக வாதாட ஆரம்பித்தது. எண்ணெய் திருடியவன் என்று மெமோ வாங்கிய மேஸ்திரியை வேலூர் வரைக்கும் எவனும் தொட்டிப் பக்கம் விடமாட்டான் என்பதும் அதே மூளைக்குத் தெரியும்.

மேடம் மெமோவை டைப்ரைட்டரில் ஏற்றி, புள்ளி வைத்த இடம்வரை அடித்து நிறுத்திவிட்டார். இயந்திரத்தின் சத்தம் நின்றதும் அறையே நின்ற மாதிரி இருந்தது. என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“எந்தப் பேரு அடிக்கணும் சார்?”

டீயைத் தள்ளி வைத்துவிட்டு, என் பெயரை அடியுங்கள் என்றேன். அவர் அடித்தார். இனிஷியல் உட்பட. ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் சின்ன வருத்தம்.

மேனேஜர் மெமோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையுறைகள் இரண்டை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒன்று சில்வாவுடையது, ஒன்று ஷ்மித்துடையது. இரண்டையும் அமுக்கிப் பார்த்தார், பெயரை வாசித்தார்.

“அப்ப உங்கள சஸ்பெண்ட் பண்ணணும்ங்கறீங்க.”

“நடைமுறைப்படி அப்படித்தான் சார்.”

“பண்ணா, அந்த ஆர்டரை யாரு டிராஃப்ட் பண்ணுவா?”

“நான்தான் பண்ணணும்.”

“அப்ப பேஜார் பண்ணாம போய் வேலையப் பாருங்க. நாளைக்கு அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவன் ஒத்துக்கலன்னா அப்புறம் பாத்துக்கலாம், உங்களையும் பாயையும் சேத்து.”

ஆக, பாயின் வேலை இன்னும் என் ஆங்கிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வந்தவர் பெயர் மொரெட்டி. கனத்த உடம்பு, கறுத்த மீசை, வெயிலில் எங்களைவிட சௌகரியமாக நடந்தார். நான் நூலகத்தில் படித்த லக்சம்பர்கர் இவர் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கையுறைக் குவியல்களைக் காட்டி, தப்பு என்னுடையது, தோலில் குறை இல்லை என்று சொன்னேன். அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சில பெயர்களுக்குத் தலையை ஆட்டினார், தெரிந்த ஆட்களாக இருக்க வேண்டும். ஒற்றை முல்லரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஆளை ஆலை முழுக்கத் தெரியுமாம்.

பிறகு அவர் சொன்னது எனக்குப் பாடமாக இருந்தது. அவருடைய தாத்தா இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்ய இத்தாலியிலிருந்து வந்தவர். அந்தக் காலத்தில் உலைக்கு முன்னால் இத்தாலியர்கள் நின்றார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து மேலே போனதும் அந்த இடத்துக்குப் போர்ச்சுகீசியர் வந்தார்கள். நாட்டில் நாலு பேரில் ஒருவர் வெளிநாட்டுக்காரர், உலைக்கு அருகே போகப்போக அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். பழைய லக்சம்பர்கர்களாவது பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுகிறார்களா என்றால் வீட்டில் அதுவும் இல்லை. அவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. பேசுவது அதில், செய்தித்தாள் வாசிப்பது ஜெர்மனில், சட்டம் பிரெஞ்சில். அப்பாவோடு இத்தாலியன், மனைவியோடு லக்சம்பர்க் பேச்சு, அலுவலகத்தில் பிரெஞ்சு, உலையருகே போர்ச்சுகீசியம் என்று தன் நாளையே அவர் எனக்கு விரல்விட்டுக் காட்டினார். இத்தனையும் தெரிந்த அவரேதான் என் சீட்டுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர். பிரெஞ்சும் ஜெர்மனும் இருக்கிறதா என்று பார்த்தாராம், இருந்ததாம், போட்டாராம். அதைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு மூன்று நாளில் முதல் முறையாகப் பசித்தது.

அவரிடம் ஒரு படிவம் இருந்தது. சப்ளை செய்யும் தொழிற்சாலையைப் பற்றிய விவரங்கள். தொழிலாளர் மொழி என்று ஓர் இடம். என்னைக் கேட்டார். தமிழ் என்றேன், கேட்டவுடனே, ஆதாரம் எதுவும் பார்க்காமல். அப்போது நாங்கள் பினிஷிங் பிரிவில் நின்றுகொண்டிருந்தோம். மஸ்தான் பாய் தன் உதவியாளை உருதுவில் திட்டினார், தைக்கிற பெண்களிடம் தமிழில் ஏதோ கிண்டல் செய்தார், சுமை இறக்க வந்த நாட்றம்பள்ளிக்காரரிடம் தெலுங்கில் பேரம் பேசினார். எல்லாம் ஒரே மூச்சில். மொரெட்டி பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் மூன்று விரலைக் காட்டினார். நான் மேடத்தின் கொங்கணியை நினைத்து நாலாவது விரலை நானே நீட்டினேன்.

உங்கள் மொழி என்ன என்று பாயைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“வீட்லயா, தொட்டிகிட்டயா?” என்றார் பாய்.

கேட்டுவிட்டு, சுவரோரம் இருந்த தொட்டியில் கையை அலசிக்கொண்டார். அதற்கு நேர் மேலே ‘இத்தொட்டியில் கை கழுவக் கூடாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. வாசகம் என்னுடையது. பாய்க்கு உருது மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பதினோரு வருடமாக அந்தப் பலகையின் நிழலில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று கேட்டேன்.

“உங்க பேருன்னு நெனச்சேன் சார். நீங்கதானே மாட்டுனீங்க.”

சீட்டில் இனி எந்த மொழியும் வேண்டாம், படம் போதும் என்று முடிவானது. லாரிக்குப் பின்னால் மயில் வரைகிற ஓர் ஓவியரை ஆம்பூர் பஜாரிலிருந்து கூட்டிவந்தோம். ஆவி பறக்கும் பாத்திரத்தில் கையுறை, அதன் மேல் பெருக்கல் குறி. அழகாகத்தான் வரைந்தார். இந்த முறை நான் ஒப்புதல் கேட்டது நூலகத்தை அல்ல. பினிஷிங் பிரிவில் நீட்டினேன். மஸ்தான் பாய் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா சார், வெள்ளிக்கெழம பாயா வைக்கக் கூடாதுன்னு போட்ருக்கீங்களா?”

ஆட்டுக்கால் சூப் மாதிரித் தெரிகிறது என்று தைக்கிற பெண்களும் சொன்னார்கள். பாத்திரம் வாளி ஆனது, கையுறைக்குத் தையல்கோடு வந்தது. இரண்டாவது படத்தில் நிழலில் காயும் கையுறைக்குப் பக்கத்தில் தென்னை மரம். தங்கள் நாட்டில் தென்னையே கிடையாது என்று மொரெட்டி சொன்னார். ஓவியர் வருத்தத்தோடு மட்டைகளைக் கீழ்நோக்கி மடக்கிக் கிறிஸ்துமஸ் மரமாக்கினார். மூன்றாவது முறை உருதுக்காரர், தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி படித்தார்கள். மொரெட்டி கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் சீட்டைத் தலைகீழாகவும் பார்த்தார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. என் மெமோவை மேனேஜர் கிழிக்கவில்லை, மடித்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். நான் ஓய்வு பெற்ற அன்று அதைப் பூமாலையோடு சேர்த்துக் கொடுத்தார்.

நீங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதை நான் தனியே எழுதப்போவதில்லை. படிவத்தில் ஒரு நாட்டின் பெயருக்கு நேரே ஒரே ஒரு மக்களின் பெயரை எழுதப் போகும்போது பேனாவை ஒரு நிமிடம் தூக்கிப் பிடியுங்கள், போதும்.

கையுறை கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாவது சரக்கு போய்ச் சேர்ந்து சில வாரங்களில் மெட்ராஸ் ஆபீஸ் டிரங்க் காலில் ஒரு டெலக்ஸை வாசித்துக் காட்டியது. கையுறைகள் எல்லாம் நலம். பத்தாம் சைஸ் ஒன்றில் மட்டும் உள்மடிப்பில் ஏற்கெனவே பெயர் எழுதியிருக்கிறது, வலமிருந்து இடமாக. ஷிப்டில் எல்லோரிடமும் காட்டிவிட்டோம், அப்படி எழுதுகிற ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை. யார், எந்த தேசத்தவர் என்று தெரிவிக்கவும். கீழே மொரெட்டியின் பெயர்.

பாயிடம் போனேன். முதலில் தெரியாது என்றார். பிறகு, அளவு பார்க்கத் தானே போட்டுப் பார்த்ததாகவும், கச்சிதமாக இருந்ததாகவும், அங்கே ஊரூர் ஆளும் பெயர் எழுதும்போது செய்து கொடுத்தவன் எழுதினால் என்ன என்று தோன்றியதாகவும் ஒப்புக்கொண்டார். மெமோ வருமா என்று ஒருமுறை கேட்டார். வராது, தேசம் எது என்று கேட்கிறார்கள், என்ன பதில் போடுவது என்றேன்.

“ஆம்பூருன்னு போடுங்க. அதுக்கு மேல கேட்டா பத்து சைஸுன்னு போடுங்க.”

அப்படியே அனுப்பினேன். அவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஆர்டர் வந்தபோது பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லா சைஸும் முன்பு இருந்த அளவே இருந்தது. பத்தாம் சைஸில் மட்டும் ஒரு ஜோடி கூடியிருந்தது, அதற்கு நேரே ‘அனுப்ப வேண்டாம், அங்கேயே கொடுக்கவும்’ என்று எழுதியிருந்தது.